டெங்கு என்று சொல்லி வைத்த வருத்தம்

மகன்,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். கோபத்தில் இருக்கிற உம்மாவும் ஸலாம் சொல்லத்தான் வேண்டும். சுகமா என்று கேட்கவில்லை. நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும், நான் சுகமில்லை என்று உனக்கும் தெரியும். மூன்று மாதமாக வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய மீன் வாடியில், வலைக் குவியலுக்கும் டீசல் கேனுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்துக் கிடக்கிறாய். உன் பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கிற ஓட்டமாவடி வீடு அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் அந்த வாசலை நீ மிதிக்க முடியாது. வைத்தியம் நடக்கும்போதே ஒளித்துக் குளிசை போட்டு எல்லாரையும் ஏமாற்றியவன் என்று ஸிபானா உன்னை நினைக்கிறாள், டொக்டரும் நினைக்கிறார், விஷயம் தெரிந்த நாலு பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒன்று நீ, மற்றது நான். நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இப்போது நான் திறக்கிறேன். பாதியில் சுருட்டி வைக்காமல் கடைசி வரைக்கும் வாசி.

தாளைப் பார்த்தாலே உனக்கு அடையாளம் தெரியும். அந்த வலிக் குளிசையை விடுவதற்காக உன்னை வீட்டில் வைத்துப் பார்த்த நாட்களில் டொக்டர் என் கையில் தந்த அதே கொப்பி. முன்னால் நாலு பக்கத்தில் உன் பிரஷரும், நீ விழுங்கிய மருந்தும், எத்தனை தரம் வயிற்றால் போனது என்பதும் என் கையெழுத்தில் இருக்கிறது. மீதித் தாளில் இந்தக் கடிதம். இதைக் கிழித்துத் தனியாக எடுக்கப் போவதில்லை, கவரில் போட்டு ஒட்டவும் போவதில்லை. முதலில் ஸிபானா வாசிப்பாள், பிறகு டொக்டர், கடைசியாக நீ. இடையில் வேறு யார் கையில் எடுத்தாலும் வாசிக்கட்டும். மூடி மூடி வைத்துத்தான் நாம் இந்த நிலைக்கு வந்தோம்.

போன கிழமை உன்னிடம் சொல்லாமல் டொக்டரைப் பார்க்கப் போனேன். நீயும் அதற்கு முதல் நாள் போய், இன்னொரு தரம் முயற்சி செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கேட்டு என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. டொக்டர் சொன்னார், "அம்மா, ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். ஆனா வாடியில வச்செல்லாம் நான் தொடங்க மாட்டன். ஒரு வீடு வேணும், பொறுப்பா ஒரு ஆள் வேணும். உங்கட வீட்டில வைப்பமா?" நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று எழும்பினேன். அங்கிருந்து நேரே பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போய் ஸிபானாவிடம் கேட்டேன். அவள் தேத்தண்ணி தந்தாள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "மாமி, எனக்கு அவர் மேல கோவமில்ல. வருத்தக்காரர், நோயாளி எண்டு எனக்கும் விளங்குது. ஆனா ஒளிச்சுக் குளிசை போட்டுட்டு என்ட மூஞ்சியப் பாத்துப் பேசினவர மறுகா எப்பிடி நம்புற? பிள்ள இரிக்கிற வீடு மாமி." அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியதை நான்தான் தெரியவிடவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆழ்கடல் போட்டில் ஐஸ் அறைக்குள் வழுக்கி விழுந்து நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அந்த முறை கடலில் கூட இருந்த ஒருவன் தந்த குளிசையில் வலி பறந்துவிட்டது என்று சொன்னாய். வலி மட்டுமா பறந்தது. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தாய், நித்திரை இல்லாமல் வலை இழுத்தாய், கரைக்கு வந்தும் சிரித்த முகமாக இருந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் உண்மை. குளிசை முடிந்துபோய் நீ எரிந்து விழுந்தபோது நானே மருந்துக் கடைக்குப் போனேன். டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் தர மாட்டேன் என்று கடைக்காரன் சொல்லவில்லை, "ஆருக்கு?" என்று மட்டும் கேட்டான். "எனக்குத்தான், முழங்கால் ஏலா" என்றேன். ஒரு வருடத்துக்கு மேலாக என் முழங்காலைச் சொல்லி உனக்கு வாங்கினேன். கால் நொண்டாமல் கடைக்குள் போகிறேனே என்று ஒரு நாள் நினைத்து, அன்று கொஞ்சம் நொண்டிக் காட்டினேன். இதை எழுதும்போதும் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது. நீ அதற்கு அடிமையானதை முதலில் கண்டுபிடித்தது ஸிபானா. அவள் சொன்னபோது நான் அவளுடன் சண்டைக்குப் போனேன்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை எங்கே கட்டிக்கொண்டு போகிறானோ அதுதான் அவனுக்கு வீடு. டொக்டர் மட்டக்களப்புக்காரர், அவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "அவர்ர வீடெண்டா மனைவியின்ட வீடுதானே, அங்க வைப்பம்" என்றார். ஸிபானாவும் சம்மதித்தாள். குறுக்கே விழுந்தது யார்? நான். "என்ட பிள்ளைக்கு ஏலாட்டி நான் பாப்பன், மருமகன்ட வருத்தத்த உங்கட தெருவே வேடிக்கை பாக்க வேணாம்" என்று சம்பந்தியிடம் முகத்துக்கு நேரே சொல்லி, உன்னை ஏறாவூருக்குக் கூட்டிவந்தேன். கூட்டிவந்த வீடும் என்னுடையதில்லை. உன் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்த வீடு. அவளுடைய மாப்பிள்ளை கட்டாரிலிருந்து போனில், உன்னை மூத்த அண்ணனாக நினைத்து, "மாமி, காக்காவுக்கு இல்லாத வீடா" என்று பெரிய மனதாகச் சொன்னதால் தப்பினேன். இத்தனை பேரும் பெரிய மனதாக இருந்தார்கள் மகன். எனக்குத்தான் பெருமை பெரிதாக இருந்தது. ஸிபானாவிடம் இன்னொன்றும் சொன்னேன், பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதே என்று. நீ எப்போது நடிக்கிறாய், எப்போது உண்மையாகத் துடிக்கிறாய் என்று இரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய ஒரே ஆளை நான் வாசலுக்கு வெளியே நிறுத்தினேன்.

டொக்டர் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லித் தந்தார், சொல்லித் தரவில்லை என்று பழி போட முடியாது. மருந்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்ட வேண்டும், திறப்பு ஒரே ஆளிடம். குளிசை தருவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் பிரஷர் பார்க்க வேண்டும், அவர் சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் தரக்கூடாது. தண்ணீரும் கஞ்சியும் வாயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் வருவார், வராத நாளில் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பார். "கொட்டாவி வரும், கண்ணால மூக்கால ஓடும், மயிர்க் கூச்செறியும், கால் தன்ட பாட்டில உதைக்கும். சாகப் போறன் எண்டு கத்துவார். மூணாம் நாள் நாலாம் நாள்தான் உச்சம். அதத் தாண்டினா இறங்கும். அம்மா, இந்தத் துடிப்பில ஆள் போறது குறைவு. இடையில பழைய மருந்த எடுத்தாத்தான் பயம். உடம்பு பழைய அளவ மறந்து போயிருக்கும், நான் தாற இந்த பிரஷர் குளிசையும் உள்ள இருக்கும், ரெண்டும் சேந்தா மூச்சு இறங்கிரும். எந்த நேரமெண்டாலும் எனக்குப் போன் எடுங்க" என்றார். போன் நம்பரைச் சுவரில் ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஹாஜறாவிடம் உனக்கு டெங்கு என்று சொன்னேன்.

வேறு எந்த வருத்தத்தைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. காய்ச்சல் என்றிருக்கலாம், வயிற்றோட்டம் என்றிருக்கலாம். வாயில் வந்தது டெங்கு. நோயாளியைப் போய்ப் பார்ப்பது நன்மை என்று சின்னதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதை எங்கள் தெரு ஒழுங்காகச் செய்கிறது. அன்று பின்னேரமே பப்பாசி இலைச் சாறு இரண்டு போத்தல் வந்தது. மறுநாள் இளநீர் வந்தது, கோழி சூப் வந்தது, ஓதின தண்ணீர் வந்தது. வந்தவர்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, உள்ளறையில் நீ சுவரில் காலால் உதைக்கிற சத்தத்துக்கு மேலாக நான் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஸிபானா ஏன் வரவில்லை என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளைக்குத் தொத்திவிடும் என்று நான்தான் வர வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். "டெங்கு தொத்துற வருத்தமில்லையே?" என்றாள். நுளம்பு இருக்கிற வீட்டுக்கு எப்படிப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று வேறு பக்கம் திருப்பினேன். அந்த வார்த்தைதான் என் தலையில் வந்து விழுந்தது. ஹாஜறா நல்ல எண்ணத்தில் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவுக்குப் போன் பண்ணிவிட்டாள்.

அவர் வந்து டோர்ச் அடித்துப் பூச்சட்டி, தென்னைமட்டை, கிணற்றடி எல்லாம் பார்த்தார். இரத்தம் பார்த்த ரிப்போட் எங்கே என்று கேட்டார், டொக்டரிடம் இருக்கிறது என்றேன். நம் வளவில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஹாஜறாவின் வளவில் கவிழ்த்து வைக்காத தயிர்ச் சட்டிக்குள் புழு நெளிந்தது. அவளை நிறுத்தி வைத்து எச்சரித்துவிட்டுப் போனார். என் பொய்க்கு அவள் பேச்சு வாங்கினாள். நாலாம் நாள் காலையில் தெருவுக்குப் புகை அடிக்க வந்துவிட்டார்கள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியும் புகை உள்ளே வந்தது. நீ வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாய், புகையில் இருமினாய், இருமலில் திரும்பவும் சத்தி. நான் முந்தானையால் உன் மூக்கைப் பொத்தினேன். பொத்தினால் மூச்சு எடுக்க முடியாது, விட்டால் புகை. அல்லாஹ்வே, டெங்கு என்று சொன்ன என் நாக்கில் கொள்ளிதான் வைக்க வேண்டும் என்று அந்த நேரம் தோன்றியது.

இனி நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பகுதி. ஸிபானா, நீ இதைக் கவனமாக வாசி மகள்.

புகை அடங்கிய பிறகு, ளுஹர் தொழுகைக்குச் சற்று முன்னால், போட்டில் கூட வேலை செய்கிற ஒருவன் ஒரு பை தோடம்பழத்தோடு வந்தான். முன்பின் நான் பார்த்ததில்லை. ஸிபானா இருந்திருந்தால் படலையிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள், அவளுக்கு அவனைத் தெரியும். நான் வாங்க மகன் என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். உன்னைப் போய்க் கட்டிலடியில் பார்த்துவிட்டுக் கண் கலங்கி வந்தான். போகும்போது குரலைத் தாழ்த்தி, "உம்மா, இது டெங்கு இல்லயெண்டு எனக்குத் தெரியும். ஏலாமப் போனா பழத்துக்குக் கீழ பாருங்க. இப்பிடிப் போட்டு வதைக்காதீங்க" என்றான். அவனைத் திட்டிக்கொண்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவனும் இரக்கத்தில்தான் கொண்டுவந்தான். பழத்தைத் தட்டத்தில் கொட்டினேன். அடியில் ஒரு கார்ட் குளிசை, பத்தும் உடைக்காமல் இருந்தது. அப்போதே குசினி அடுப்பில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அலுமாரியில் என் தொழுகை உடுப்புக்கு அடியில் வைத்தேன்.

பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், எழுத வேண்டியது மற்றவர்களுக்காக. நீ கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உருண்டாய். "உம்மா, என்ட காலக் கட்டிப் போடுங்க" என்றாய். உடம்பெல்லாம் கோழித்தோல் மாதிரி எழும்பி நின்றது, சறம் வியர்வையில் ஒட்டியிருந்தது. முன்னறையில் நாலு பெண்கள் உட்கார்ந்து உன் இரத்தத் தட்டு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டொக்டருக்குப் போன் எடுப்போம் என்று எழும்பினேன். போன் முன்னறையில், அவர்களுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அவர்களுக்கு முன்னால் என்ன கதைப்பது? டெங்குக்காரன் உருண்டுகொண்டிருக்கிறான் என்றா? போனை எடுக்கவில்லை. அலுமாரியைத் திறந்தேன். இரண்டு குளிசையை உடைத்து, தண்ணீரோடு உன் வாய்க்குக் கொண்டுவந்தேன். நீ பார்த்தாய். "உம்மா, இது டொக்டர் தந்ததில்ல" என்றாய். அந்த நிலையிலும் சொன்னாய், வாயை இறுக்கி மூடிக்கொண்டும் இருந்தாய். நான், "தெரியும், போடு" என்றேன். இரண்டாம் தரமும் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாய். நீ கேட்கவில்லை மகன். நான்தான் தந்தேன். பெத்த மனம் பித்து என்பார்கள், என் பித்துக்கு நீ பலியானாய்.

கொஞ்ச நேரத்தில் கால் உதைப்பது நின்றது. நீ நித்திரையானாய். நாலு நாளைக்குப் பிறகு உன் முகம் அமைதியாக இருந்தது, நான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்து அழுதேன். அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் கேவலம். கொப்பியை எடுத்து, "நாலாம் நாள், பகல். நல்ல நித்திரை. வேறு மருந்து இல்லை" என்று எழுதினேன். நாலாம் பக்கத்தில் கடைசி வரி, பார்த்துக்கொள்ளுங்கள். முன்னறைக்குப் போய், வந்திருந்த ஆட்களை அனுப்பிவிட்டுத் தொழுதேன். தொழுது முடித்துக் கிறுகிப் பார்த்தபோது உன் உதடு நிறம் மாறியிருந்தது. மூச்சு வருகிறதா என்று நெஞ்சில் காதை வைத்தேன். வந்தது, நின்றது, எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு திரும்ப வந்தது. அப்போதுதான் போன் எடுத்தேன். ஆட்கள் போன பிறகுதான் எடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்கிறேன். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் சாய்த்துப் படுக்க வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார் டொக்டர். உன் தங்கச்சி உன் கன்னத்தில் தட்டித் தட்டி அழுதாள். உன் பேரை அவ்வளவு தரம் நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கண் திறந்த பிறகு, கண்மணி ஊசிமுனை மாதிரி இருக்கிறதைப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்று டொக்டர் கேட்டார். ஸிபானா ஓட்டமாவடியிலிருந்து ஓடிவந்து கட்டில்காலில் நின்றுகொண்டிருந்தாள். நான் மற்றப் பக்கம். "வீட்டில வேற மருந்து எடுத்தீங்களா?" நான் வாயைத் திறக்கத்தான் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். நீ முந்திக்கொண்டாய். "ஓம் டொக்டர், நான்தான் ஒளிச்சு வச்சிருந்தன். உம்மாவுக்குத் தெரியாது." ஸிபானா உன்னைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். டொக்டர் ஏசவில்லை. ஒரு தரம் தவறினால் எல்லாம் முடிந்து போவதில்லை, உண்மையைச் சொன்னீர்களே, அது பெரிய விஷயம் என்றார். பொய்க்குக் கிடைத்த பாராட்டு. அதைக் கேட்டுக்கொண்டே நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வாடிக்குப் போய்விட்டாய், போன அன்றே பழையபடி தொடங்கியும்விட்டாய்.

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் இதுதான். யார் உன்னிடம் கேட்டது என்னைக் காப்பாற்றச் சொல்லி? உனக்கு எட்டு வயதில் உன் தங்கச்சி வாப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாவிக்கரைச் சேற்றில் விட்டுவிட்டு வந்தாள். வாப்பா பிரம்பை எடுத்தபோது நான்தான் செய்தேன் என்று நீ கையை நீட்டினாய். அவளுடைய பாவாடை முழங்கால் வரைக்கும் ஈரமாக இருந்ததை நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன். அடி வாங்கிய உன் கைக்கு எண்ணெய் பூசி, முட்டை பொரித்துத் தந்து, என்ட மகன் தங்கச்சியைக் காட்டிக் கொடுக்க மாட்டான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். மௌத்தாகும் வரைக்கும் வாப்பாவுக்கு அது தெரியாது. அன்றைக்கு முட்டை பொரித்துத் தராமல் இரண்டு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வைத்திருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். நல்ல எண்ணத்தில் சொல்கிற பொய்யையும் இந்தக் குளிசை விடாது மகன். ஒன்றை மறைக்கப் பழகின வாய் அதையும் மறைக்கும், இதையும் மறைக்கும். போன் எடுத்தால், "நல்லாத்தான் இரிக்கன் உம்மா" என்கிறாயே, அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நல்லாயில்லை என்று ஒரு தரம் சொல்லிப் பார்.

நேற்று ஹாஜறாவிடம் போனேன். படலைக்குள் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், டெங்கு இல்லை, குளிசையை விட வைக்கிற வைத்தியம், தயிர்ச் சட்டிக்கு அவள் பேச்சு வாங்கியது என்னால் என்று. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "அண்டைக்கே தெரியும்கா. டெங்குக்காரன் இப்பிடிச் சுவத்துல உதைப்பானா? என்ட தம்பியும் இப்பிடித்தான் கிடந்தான்." பிறகேன் என்னிடம் கேட்கவில்லை என்று அவளைக் கேட்டேன். "நீங்க டெங்கு எண்டீங்க. நாங்களும் டெங்கு எண்டு பாத்துட்டுப் போனம்" என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முழுத் தெருவுக்கும் தெரிந்திருக்கிறது. முன்னறையில் இருந்த நாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னால் ஒரு போன் எடுக்க வெட்கப்பட்டுத்தான் நான் அலுமாரியைத் திறந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளுடைய மீன் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தக் கார்டில் மீதி எட்டுக் குளிசை. மூன்று மாதமும் அலுமாரியில்தான் இருந்தது. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் உடுப்பை எடுக்கும்போது கையில் படும், எடுத்து எறியவில்லை. ஏன் என்று எனக்கே புரியாமல் இருந்தது. டொக்டர் உங்கள் வீட்டில் வைப்போமா என்று கேட்டபோதுதான் விளங்கியது. அடுத்த தரமும் உன்னால் தாங்க முடியாமல் போனால் தரலாம் என்று வைத்திருந்திருக்கிறேன். நீ குளிசைக்கு அடிமை, நான் உன் வலி நிற்கிறதைப் பார்ப்பதற்கு அடிமை. எனக்கும் ஒரு வைத்தியம் தேவைதான். ஸிபானா வாசித்ததும் இந்தக் கொப்பியை இன்றே டொக்டரிடம் காட்டி, அந்தக் கார்டையும் அவரிடம் கொடுக்கப் போகிறேன்; கொப்பி திரும்ப ஸிபானாவிடம் போகும். எட்டு இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும். டின் திறப்பை ஸிபானாவிடம் கொடுப்பேன், அவள் வாங்கினால்.

ஸிபானா சம்மதித்து ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் தொடங்கினால், நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உன் வருத்தத்துக்கு ஒரு பேர் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் அந்தப் பேரைச் சொல்லச் சொல்லு. கால் உதைத்தால் ஸிபானாவைக் கூப்பிடு, பல்லைக் கடித்துக்கொண்டு வீரனாகக் கிடக்காதே. நாலாம் நாள் வரும், அது போகும். பழைய அளவை நினைத்துக்கூடப் பார்க்காதே, உன் மூச்சு நின்று வந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான் உள்ளே வர மாட்டேன். காலையில் கஞ்சி கொண்டுவந்து படலையில் வைப்பேன், வா என்று ஸிபானா சொன்னால் வருவேன், சொல்லாவிட்டால் சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். எனக்காக நீ அவளிடம் பரிந்து பேச வேண்டாம்.

இதை வாசித்துவிட்டு அவள் உன்னிடம் வாடிக்கு வருவாள். எனக்குத் தெரியும், அவள் அப்படிப்பட்ட பிள்ளை. கொப்பியைக் காட்டி, இது உண்மையா என்று கேட்பாள். உன்னையும் எனக்குத் தெரியும். உம்மா என்னைக் காப்பாற்ற இப்படி எழுதியிருக்கிறா, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல உன் வாய் முந்தும். சொல்லிவிடாதே மகன். அவள் முகத்தைப் பார்த்து, உம்மாதான் தந்தா, ஓம் என்று சொல். நான் கெட்டவளாகப் போனால் போகிறேன். நீ வீட்டுக்குப் போ.